செடிகளுக்குக் கொடுத்த அறை

நீகாதா விசாரணைச் சிறை
நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இசாமு எழுதுகிறேன். சுருவோகாவில் இந்நேரம் பெர்சிமன் பழுத்து, இலை கொட்டிய கிளைகளில் பழம் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். அத்தானுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? பள்ளிக்கூடச் சமையலறையில் அந்தப் பெரிய சூப் அண்டாவை நீ இன்னும் தனியாகத்தான் தூக்குகிறாயா? வேண்டாம் அக்கா, இன்னொருத்தியைக் கூப்பிடு.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. காவல் நிலையத்திலிருந்து போன வாரம் இங்கே மாற்றினார்கள். வீட்டுக்காரர் பத்து நாளில் காலி செய்யச் சொன்னதும் நீ வந்து ஹத்சுமியை உன் வீட்டுக்கு அழைத்துப் போனதாக வக்கீல் ஒகினோ சொன்னார். அதைக் கேட்ட அன்றுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

ஹத்சுமி சாட்சி என்பதால், புருஷன் பெண்டாட்டியானாலும் தீர்ப்பு வரும்வரை அவளும் நானும் பார்த்துக்கொள்ளக் கூடாது, எழுதக் கூடாது. உன் மூலமாகச் செய்தி சொல்லி அனுப்பவும் கூடாது. கடிதங்களை இங்கே படித்துப் பார்த்துத்தான் விடுவார்கள். அவள் உடம்பு எப்படி என்று உன்னிடம் கேட்கலாமாம். அதனால் கேட்கிறேன். கால் இழுப்பு எப்படி இருக்கிறது? தூங்குகிறாளா? வலி வரும்போது அவள் சத்தம் போட மாட்டாள், வலது கைப் பெருவிரலை மடக்கி உள்ளே வைத்துக்கொள்வாள். அதைப் பார்த்துக்கொள்.

ஒகினோ சின்னப் பெண்தான், ஆனால் கறார். "போன தடவ எழுதின மன்னிப்புக் கடிதத்தையே திரும்ப எழுதிக் குடுக்காதீங்க குரோகி சார். அது ஜட்ஜ் கையில இருக்கு. வீட்டுக்குள்ள கஞ்சா வளர்த்து நெஜமா என்ன பாடம் கத்துக்கிட்டீங்க, அத எழுதுங்க" என்றார். எழுத உட்கார்ந்தால் வரவில்லை. பேருந்து ஓட்டியவனுக்கு எழுத்து எங்கே வரும்?

நாடா இல்லாத கம்பளிச் சட்டை ஒன்று அனுப்பினால் நல்லது. நாடா இருந்தால் உருவிவிடுகிறார்கள்.

உன் தம்பி
இசாமு


சுருவோகா
நவம்பர் 23

இசாமுவுக்கு,

இங்கே அனைவரும் நலம். அத்தானுக்கு முழங்கால் வலி மழைக்கு முன்னால் வருகிறது, வாய் மட்டும் எல்லாப் பருவத்திலும் நன்றாக வேலை செய்கிறது. கம்பளிச் சட்டை இதோடு வருகிறது. சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

நன்றி சொல்லாதே. நான் ஹத்சுமியை அழைத்து வந்தது உனக்காக இல்லை.

உன் வீட்டுக்கு மூன்று வருடம் கழித்து அன்றுதான் வந்தேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது காரணம் சொல்லி வர விடாமல் செய்தாயே. போலீஸ் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போன பிறகும் அந்தத் தெற்குப் பார்த்த பெரிய அறையில் ஜன்னலில் வெள்ளிக் காகிதம் ஒட்டியிருந்தது. கிழித்தேன். எவ்வளவு வெயில்! ஹீட்டர் அங்கே இருந்தது. காற்றாடி அங்கே இருந்தது. உன் மனைவி எங்கே இருந்தாள் தெரியுமா? சமையலறையை ஒட்டி, மூணு பாய் விரிக்க மட்டும் இடமுள்ள அறையில், பூஞ்சை படிந்த சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முதுகுத் தண்டில் கட்டி எடுத்த பெண். செடிக்கு ஹீட்டர், பெண்டாட்டிக்கு வெந்நீர்ப் பை.

"இங்கயா படுத்திருந்த?" என்றேன். "அந்த அறை அதுங்களுக்கு வேணும்ல அக்கா" என்றாள். எனக்கு வாயில் வந்ததையெல்லாம் அவள் முன்னால் சொல்லக் கூடாது என்று குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

போன தடவை மாடித் தாழ்வாரத்தில் இரண்டு தொட்டி வைத்துப் பிடிபட்டாய். நான் நீதிமன்றத்தில் எழுந்து நின்று, "என் தம்பிய நான் பாத்துக்கறேன்" என்று ஜட்ஜுக்குத் தலைகுனிந்தேன். தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். நீ என்ன பாடம் கற்றாய்? இனி வெளியே வைக்கக் கூடாது, உள்ளே வைக்க வேண்டும் என்று. அதை எழுது. உண்மையாகவாவது இருக்கும்.

ஹத்சுமி சாப்பிடுகிறாள். பெருவிரலைப் பார்த்துக்கொள்கிறேன்.

தொமோயே


நீகாதா
டிசம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

சட்டை வந்தது. கழுத்தில் நீயே தைத்திருக்கிறாய் என்று தையலைப் பார்த்ததும் தெரிந்தது. குளிர் வந்துவிட்டது, உனக்குக் கையில் வெடிப்பு வரும் காலம், எண்ணெய் தடவிக்கொள்.

நீ திட்டியது அத்தனையும் சரி. நீ சொன்னபடி உண்மையை எழுதிப் பார்த்தேன். ஒகினோவிடம் காட்டுவதற்கு முன் நீ படி.

என் முதல் செடிகள் என் அக்கறையாலேயே செத்தன. வேலைக்குப் போகுமுன் தண்ணீர் ஊற்றுவேன், வந்ததும் ஊற்றுவேன். இலை தொங்கியது. தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகியிருந்தது. ஒன்று வாடுவதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. அந்தப் பாடத்தை நான் கடைசிவரை சரியாகக் கற்கவில்லை.

வீட்டுக்குள் வளர்ப்பவனுக்கு வானத்துச் சூரியன் கிடையாது. விடிவதும் இருட்டுவதும் என் விரலில் இருந்தது. அவற்றின் இருட்டு நேரத்தில் கீற்று வெளிச்சம் பட்டாலும் கெட்டுவிடும் என்று கதவைத் திறக்க மாட்டேன். ஒருநாள் ஹத்சுமி கால் இழுத்து விழுந்துவிட்டாள். தடித்த போர்வை அந்த அறை அலமாரியில் இருந்தது. அங்கே விளக்கு எரிய இன்னும் இருபது நிமிடம். நான் கதவுக்கு வெளியே நின்றேன். அவள் தரையில் கிடந்தபடி, "பரவால்ல, இருங்க, வெளிச்சம் வரட்டும்" என்றாள். இருந்தேன். இருபது நிமிடமும் இருந்தேன் அக்கா.

ஒன்றை ஒளித்து வளர்ப்பவனும் ஒளிந்துதான் வாழ வேண்டும். எரிவாயுக் குழாயைச் சோதிக்க வருகிறவனுக்குப் பயந்தோம். ஹத்சுமியின் அம்மா நாகாவோகாவிலிருந்து ரயிலேறி வந்தபோது, காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். மாமியார் பலகாரப் பொட்டலத்தைக் கதவுப் பிடியில் தொங்கவிட்டுப் போனார். அடுத்த வசந்தத்தில் அவர் இறந்துவிட்டார். ஒருநாள் பேருந்தில் முன் இருக்கையில் இருந்த கிழவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் சட்டையைப் பார்த்தார். அந்த மாதமே வேலையை விட்டேன். பிறகு சூப்பர் மார்க்கெட்டில் மாலைநேரம் சரக்கு அடுக்கும் வேலை. நான் ஒருமுறைகூட அதை இழுத்ததில்லை. இதை இங்கே யாரும் நம்புவதில்லை.

இத்தனைக்கும் பதிலாக ஒன்று கிடைத்தது. அவளுக்கு வலி குறைந்தது. அதை மட்டும் எழுதக் கூடாது என்று ஒகினோ சொல்கிறார்.

ஒரு விஷயம் புரியவில்லை. மேல்மாடி அம்மா போலீசில் சொன்னதாகக் குற்றப்பத்திரிகையில் இருக்கிறது: மாலை நேரங்களில் எங்கள் சமையலறை விசிறி வழியாக நெடி வந்ததாம். செடி அறைக் காற்றை நான் வடிகட்டித்தான் வெளியே விட்டேன். ஹத்சுமி தன் படுக்கையில்தான் புகைப்பாள். சமையலறையிலிருந்து எப்படி வரும்? அவளிடம் கேட்க முடியாது. உனக்கு ஏதாவது தோன்றுகிறதா?

அது இல்லாமல் இப்போது வலியை எப்படித் தாங்குகிறாள்?

இசாமு


சுருவோகா
டிசம்பர் 22

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் விடுமுறைக்கு முந்தைய வாரம், அறுநூறு பிள்ளைகளுக்குக் கோழி பொரித்தோம். பனி பக்கவாட்டில் அடிக்கிறது. நீ கழுத்தை மூடிக்கொண்டு படு. காது அடைப்பு மறுபடி வந்தால் மருத்துவரிடம் சொல், வெட்கப்படாதே.

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை முடிக்கவில்லை.

ஹத்சுமிக்குக் கிழக்கு அறையைக் கொடுத்திருக்கிறேன். காலையில் வெயில் காலில் விழும்படி படுக்கிறாள். ஊர் மருத்துவமனையில் புது மருத்துவர் மாத்திரை மாற்றியிருக்கிறார். ஹதஹதா மீன் வந்துவிட்டது; சினை நிறைந்த மீனாக மூன்று சாப்பிட்டாள். அத்தான் அவளைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறார். நேற்று வரவேற்பறையில் இருந்த கற்றாழைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு, "நம்ம குடும்பத்துக்குச் செடி ராசி கெடையாதும்மா, இதையும் போலீஸ்ல ஒப்படைச்சிட்டு வந்துர்றேன்" என்று கிளம்பினார். நான் முறைத்தேன். ஆனால் ஹத்சுமி சிரித்தாள். நான் அவள் பல்லைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று.

அது இல்லாமல் எப்படித் தாங்குகிறாள் என்று கேட்டிருந்தாய். முன்பு எப்படியோ அப்படியேதான்.

சமையலறை விசிறியைப் பற்றி என்னிடம் கேட்காதே. நான் சமையல்காரி. விசிறி போட்டால் புகை வெளியே போகும், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒகினோவிடமும் அதைக் கிளறாதே.

இனி ஒருபோதும் செய்ய மாட்டேன் என்று எழுது. வேறெதுவும் வேண்டாம்.

தொமோயே


நீகாதா
ஜனவரி 7

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருடம் உங்கள் மூவருக்கும் நோயில்லாமல் நடக்கட்டும். இங்கேயும் முதல் நாள் மோச்சி அரிசிக் கொழுக்கட்டையும் சூப்பும் கொடுத்தார்கள். பக்கத்து அறைக்காரர் அதைப் பார்த்து அழுதார். என் காது பரவாயில்லை.

உன் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் நூறு தடவை படித்துவிட்டேன். "முன்பு எப்படியோ அப்படியேதான்." அக்கா, எனக்குப் புரிந்துவிட்டது. எந்த முன்பு? அந்த மருந்து கிடைப்பதற்கு முன்பு. இரவும் பகலும் தன் காலை நறுக்கிப் போட்டுவிடச் சொல்லி அவள் கெஞ்சிய காலம். நான் கவலைப்படுவேன் என்று நீ மறைக்கிறாய். அவளும் உன்னிடம் மறைத்துச் சிரிக்கிறாள். அவள் அப்படித்தான்.

அதனால்தான் என்னால் "இனி ஒருபோதும்" என்று எழுத முடியவில்லை. ஒகினோ மேசையைத் தட்டினார். "உங்க தலைக்கு மேல பழைய தண்டனை தொங்குது சார். அதோட சேத்துப் போடுவாங்க. ஒரு வரி எழுத என்ன கஷ்டம்?" என்றார். "பொய் எழுதணுமா?" என்றேன். "ஊர்ல எல்லாரும் அதத்தான் எழுதறாங்க" என்றார். போன தடவை நான் எழுதியது பொய்யில்லை. எழுதியபோது நிஜமாகவே விட்டுவிட்டேன். ஐந்து மாதம் விட்டேன். அவள் பெருவிரலை மடக்கிக்கொண்டு கிடந்ததைப் பார்த்துத்தான் மறுபடி தொடங்கினேன்.

பிப்ரவரி 19 விசாரணை. ஹத்சுமி சாட்சிக் கூண்டில் நின்று, தன் உடம்பில் நடந்ததைச் சொன்னால் போதும். எத்தனை வருடம் போட்டாலும் போடட்டும். நான் வெறும் கஞ்சாக்காரன் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவள்.

தயவுசெய்து மறைக்காமல் எழுது. வலி எவ்வளவு?

இசாமு


நீகாதா
ஜனவரி 30

அக்காவுக்கு,

நலமா? மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. தபால் பனியில் மாட்டிக்கொண்டதா, நான் ஏதாவது தவறாக எழுதிவிட்டேனா? ஹத்சுமிக்கு ஏதாவது ஆகிவிட்டதா? ஒரு அட்டையில் ஒரு வரி போதும்.

இசாமு


சுருவோகா
பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அத்தான் கூரையில் பனி தள்ளப் போய் வழுக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நீ சாப்பிடு.

எழுத உட்கார்ந்து நான்கு தாள் கிழித்தேன். உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை, சொல்லக்கூடிய இடமும் இந்தத் தாள் இல்லை.

ஹத்சுமி நீதிமன்றத்துக்கு வருகிறாள். வேண்டாம் என்று நான் சொன்னேன். சண்டையே போட்டேன். "நீ அங்க போய் என்ன சொல்லப்போற?" என்று கேட்டேன். "அவருக்கு என்ன வேணுமோ அத" என்றாள். "அது உன்னையும் தின்னுரும், அவனையும் தின்னுரும்" என்றேன். முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, அவருக்குன்னு வேற என்ன மிச்சம் இருக்கு, சொல்லுங்க" என்றாள்.

முட்டாளே, "இனி ஒருபோதும்" என்று எழுதித் தொலை. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தொமோயே


நீகாதா
மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் இடுப்பு தேறிவிட்டதா? நீதிமன்றத்தில் பின்வரிசையில் உன்னைப் பார்த்தேன். தலைமுடி இவ்வளவு நரைத்துவிட்டதே. உன்னைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று காவலர் சொன்னதால் தலையசைக்கவில்லை.

தீர்ப்பைக் கேட்டிருப்பாய். இதற்கு ஒரு வருடம் நான்கு மாதம், பழையது பத்து மாதம். சேர்த்து இரண்டு வருடம் இரண்டு மாதம். என் பழைய மன்னிப்புக் கடிதத்தை ஜட்ஜ் சத்தமாகப் படித்தபோது, அது யாரோ எழுதியது போல இருந்தது. மேல்முறையீடு வேண்டாம் என்று ஒகினோவிடம் சொல்லிவிட்டேன்.

ஆனால் அக்கா, நான் இங்கே எவ்வளவு லேசாக இருக்கிறேன் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். அவள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றாளே, பார்த்தாய் அல்லவா? "அத எடுத்துக்கிட்டா வலி குறைஞ்சுதா?" என்று ஒகினோ கேட்டதும், "கொறஞ்சுது. அவர் இல்லன்னா நான் இந்நேரம் செத்திருப்பேன்" என்றாள். அரசு வக்கீல்கூட ஒரு கணம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு வாக்கியத்துக்கு இரண்டு வருடம் இரண்டு மாதம் ஒன்றுமே இல்லை. தெற்கு அறை, பேருந்து வேலை, மாமியாரின் பொட்டலம் எல்லாவற்றுக்கும் அதில் கணக்குத் தீர்ந்துவிட்டது.

எனக்கு இப்போது நாற்பத்தெட்டு. வெளியே வரும்போது ஐம்பது. யோசித்து வைத்திருக்கிறேன். யாரும் இல்லாத மலைப்பக்கம் காலி வீடுகள் சும்மா கிடக்கின்றன. இங்கே எழுதக்கூடியது இவ்வளவுதான். இந்தத் தடவை என்ன தவறு செய்தேன் என்று எனக்குத் தெரியும். அவளை மறுபடி அந்த வலியில் விட மாட்டேன்.

தடை நீங்கிவிட்டது. இனி அவள் எனக்கு எழுதலாம். எழுதச் சொல். ஒரு வரியானாலும் போதும்.

இசாமு


சுருவோகா
மார்ச் 25

என் கணவருக்கு,

ஹத்சுமி எழுதுகிறேன். உங்களுக்குக் காது எப்படி இருக்கிறது? இங்கே பனி உருகி, கூரையிலிருந்து நாள் முழுக்கச் சொட்டுகிறது. அக்கா என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

நீங்கள் அக்காவுக்கு எழுதிய கடிதத்தைப் படித்தேன். மலைப்பக்கத்து வீடு என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படிக்காவிட்டால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்க மாட்டேன். சாகும்வரை வாயைத் திறந்திருக்க மாட்டேன். இதையும் அங்கே படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும். கூண்டில் பொய் சொன்னதற்கு என்னைப் பிடித்துக்கொண்டு போனாலும் போகட்டும்.

அது எனக்கு உதவவில்லை.

அதை எடுத்தால் தலை படகுபோல ஆடும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், செத்துப்போவேன் என்று பயம் வரும். வலி அதே இடத்தில் இருக்கும், நான்தான் எங்கோ இருப்பேன். முதல் வருடமே உங்களிடம் சொல்லத்தான் நினைத்தேன். நீங்கள் ஒவ்வொரு நாளும் கட்டிலோரம் உட்கார்ந்து, "எப்படி இருக்கு? கொறஞ்சிருக்கா?" என்று கேட்பீர்கள். அப்போது உங்கள் முகம் பரீட்சை எழுதிவிட்டு வந்த பையன் முகம்போல இருக்கும். என் அறுவை சிகிச்சை முடிந்த நாளிலிருந்து நீங்கள் சிரித்து நான் பார்க்கவில்லை. "கொறஞ்சிருக்கு" என்றேன். சிரித்தீர்கள். அடுத்த நாளும் கேட்டீர்கள்.

அதற்குப் பிறகு எப்படி நிறுத்துவது? நீங்கள் வேலையை விட்டீர்கள். அறையைக் கொடுத்தோம். என் அம்மாவை வாசலோடு அனுப்பினோம். ஒவ்வொன்றையும் கொடுத்த பிறகு, இது வீண் என்று சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. இதற்கெல்லாம் முன்னால், தாழ்வாரத்துத் தொட்டிகளோடு முதல் தடவை பிடிபட்டபோது, கடவுளே, இதோடு முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். ஐந்து மாதம். நீங்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள், குளிக்க மாட்டீர்கள். உங்களைப் பார்த்துத்தான் நான் பெருவிரலை மடக்கினேன். "அது இருந்தா நல்லாருக்கும்" என்று என் வாயாலேயே சொன்னேன். அன்று சாயங்காலமே நீங்கள் சவரம் செய்துகொண்டீர்கள்.

சமையலறை விசிறி பற்றிக் கேட்டிருந்தீர்களாம். நீங்கள் வேலைக்குப் போன பிறகு, எனக்கென்று வைத்துவிட்டுப் போனதைப் பற்றவைத்து விசிறிக்குக் கீழே பிடித்துக்கொண்டு நிற்பேன். எரிந்து முடியும்வரை நிற்பேன். சாம்பல் இருந்தால்தான் நீங்கள் நம்புவீர்கள். நெடி மேலே போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்களைப் பிடித்துக் கொடுத்தது மேல்மாடி அம்மா இல்லை.

மலைப்பக்கத்து வீடு வேண்டாம். எனக்காக எதையும் வளர்க்காதீர்கள்.

ஹத்சுமி


நீகாதா
ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

மழைக்காலம் தொடங்கியிருக்கும். அத்தான் முழங்காலுக்குக் கஷ்டமான மாதம். உனக்கும் ஹத்சுமிக்கும் உடம்பு நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நீ எழுதிய மூன்று கடிதங்களும் வந்தன. ஒன்றுக்கும் பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். ஹத்சுமிக்கு எழுத உட்காருவேன், "என் மனைவிக்கு" என்று போடுவேன், அதற்குமேல் கை போகாது. அந்தத் தாள்களை இங்கே திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள்.

தண்டனைச் சிறைக்கு மாற்றிவிட்டார்கள். காகிதப் பை ஒட்டும் வேலை. முதலில் தோட்ட வேலைக்குப் போட்டார்கள். கத்தரி நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னபோது, குவளையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எவ்வளவு ஊற்றுவது என்று தெரியவில்லை. அதிகாரி இரண்டு தடவை அதட்டினார். என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். அதற்காக ஐந்து நாள் தனியறை. பிறகு பைக்கு மாற்றினார்கள்.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல். கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன், வரவில்லை. ஒவ்வொரு நாளாக எடுத்து, அன்று அவள் சொன்னது பொய், அன்று காத்திருந்தது வீண், என்று தள்ளிக்கொண்டே வருகிறேன். நாட்கள் நிறைய இருக்கின்றன.

ஒரே ஒரு நாளை மட்டும் தள்ள முடியவில்லை. நான்கு வருடத்துக்கு முன், மே மாதம், ஞாயிற்றுக்கிழமை. என்னிடம் சொல்லாமல் எழுந்து, கைத்தடி இல்லாமல் தெருமுனை பேக்கரி வரை நடந்துபோய், முலாம்பழ ரொட்டி இரண்டு வாங்கிக்கொண்டு வந்தாள். நான் வாசலில் செருப்பைக் காணோம் என்று பதறிக்கொண்டு நிற்கிறேன். "வலியே இல்லங்க, அதான் போயிட்டு வந்தேன்" என்றாள். ரொட்டி இன்னும் சூடாக இருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து தின்றோம்.

அந்த ஒரு நாள் நிஜமா என்று மட்டும் அவளிடம் கேள். வேறெதுவும் கேட்க மாட்டேன்.

இசாமு


சுருவோகா
ஜூலை 3

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே மழை விடவில்லை. நீ ஈரத் துணியோடு படுக்காதே. பை ஒட்டும் வேலையில் விரல் நுனி வெட்டுப்படும், பார்த்துச் செய்.

உன்னிடம் மறைத்து மறைத்து எனக்கே வெறுத்துவிட்டது, அதனால் நேராகச் சொல்கிறேன். ஹத்சுமியின் முதுகில் கட்டி மறுபடி வந்திருக்கிறது. ஏப்ரல் கடைசியில் தெரிந்தது. இந்தத் தடவை அறுக்க முடியாதாம். ஒரு மாதமாக மருத்துவமனையில் இருக்கிறாள். நீ வெளியே வரும்வரை இருப்பாளா என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். உன்னைப் பார்க்க விடுவார்களா என்று ஒகினோவிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன். சந்தேகம்தான் என்று பதில் வந்தது. இன்னொரு தடவை கேட்பேன்.

வலிக்கு மருந்து ஏற்றுகிறார்கள். நிஜமான மருந்து. விழித்திருக்கும் நேரம் குறைவு. பேனா பிடிக்க முடியவில்லை.

நேற்று மதியம் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். கண் திறந்தபோது படித்துக் காட்டினேன். தோட்ட வேலையை விட்டுவிட்டேன், தனியறையையும் விட்டுவிட்டேன். பேக்கரி, முலாம்பழ ரொட்டி, படிக்கட்டு எல்லாம் படித்தேன். கோபம் இல்லை என்று நீ சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டு மேலே விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த நாள் நிஜமான்னு கேக்கறான்மா" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டேன். அவள் கை வெளியே கிடந்தது. விரல்களைப் பார்க்க வேண்டாம் என்று பார்க்காமலே மூடினேன்.

அப்புறம்தான் பேசினாள். நீ கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இதுதான். ஒரு எழுத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"ஆமான்னு எழுதிடுங்க அக்கா."

தொமோயே